குறைஞ்சா நான் பாத்துக்கிடுதேன்

அவர் கையால அடி வாங்காதவன் எங்க ரூம்ல ஒருத்தன்கூடக் கிடையாது. பன்னெண்டு கட்டில். அவரோடதைத் தள்ளிட்டா பதினொரு கன்னம். நான் ரெண்டு தடவை வாங்கியிருக்கேன். ஒண்ணு நியாயமான அடி, இன்னொண்ணு அநியாயம். அவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அடிச்சதோட அவருக்குக் கலாஸ், முடிஞ்சுது. தட்டை எடுத்து வெச்சுச் சாப்பிட உக்காந்திருவார். மிச்சமெல்லாம் வாங்கினவன் பாடு.

துபாய் சோனாப்பூர் கேம்ப்ல இருந்தோம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுற கோஷ்டிக்கு அவர் போர்மேன், நான் டைம்கீப்பர். அவருக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்டதில்ல. எங்களுக்கு அண்ணாச்சி, பீகார்க்காரனுக்கும் அண்ணாச்சி, கம்பெனி இன்ஜினியருக்கும் அண்ணாச்சிதான்.

நான் ஒண்ணும் அவருக்குச் சிலை வைக்க வரல. அந்தக் கைக்குப் பயந்து நான் ஒரு காரியம் பண்ணினேன். அறுபது வயசுல அவர் ஊர் போய்ச் சேரும்போது கையில எவ்வளவு இருக்கும்ங்கிறது அந்தக் காரியத்தைப் பொறுத்து நின்னுச்சு. பண்ணினது தப்புன்னு பதினோரு வருசமும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதைச் சொல்லித் தொலைக்கணும்னுதான் வந்தேன்.

முதல்ல அந்த நியாயமான அடி. ஜுமேரா பக்கம் ஒரு டவர், பதினாலாவது மாடி. ஆள் கணக்கெடுக்கப் போயிருந்தேன். இடுப்புல பெல்ட் கட்டியிருந்தேன், கொக்கியைக் கம்பியில மாட்டல. ரெண்டு நிமிச வேலைதானேன்னு ஒரு அலட்சியம். அவர் தூரத்துல இருந்து பலகை மேலயே நடந்து வந்தார். என் கொக்கியைப் பிடிச்சு மாட்டினார். ரெண்டு தடவை இழுத்துப் பாத்தார். அப்புறம் அறைஞ்சார். கொக்கி மாட்டாம அறைஞ்சிருந்தா அந்த அடியிலேயே நான் கீழ போயிருப்பேன். "ஒங்க ஆத்தாளுக்கு நான்தாம்ல போன் பண்ணணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அடி வாங்கினவனுக்கு முதல்ல ஒண்ணும் தெரியாது, கேட்டுக்கோங்க. வலிக்காது. முழிப்பான். அதுக்குப் பெறகுதான் கை தன்னால கன்னத்துக்குப் போகும். மத்த பத்துப் பேர் மூஞ்சியிலயும் இதே வரிசையை நான் பாத்திருக்கேன்.

தன் உடம்பையும் அவர் விட்டு வெக்கல. ஒரு தடவை கடைவாய்ப் பல்லு வலி. கிளினிக்குக்குப் போங்க அண்ணாச்சின்னோம். டோக்கன் எடுத்து உக்காரணும்னு சொன்னதும் வெறி வந்துருச்சு. பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னால நின்னு, தன் கன்னத்துலயே நாலு குத்து. அஞ்சாவது குத்துல பல்லு வாஷ்பேசின்ல விழுந்துச்சு. கண்ணாடி, சுவரு, தோள்ல கிடந்த துண்டு எல்லாம் ரத்தம். "எவ்வளவு மிச்சம் பாத்தியா"ன்னு எங்களைப் பாத்துச் சிரிச்சார்.

ஊர்க்காரங்க ஃபோன்ல பேசும்போது சொல்வாங்க, மனுசன் தங்கம், கைதான் கொஞ்சம் நீளம்னு. பலகையில வெத்தலை எச்சில் துப்பினதுக்காக மூக்கு ஒடைஞ்ச பீகார்க்காரன்ட்ட போய் இந்தத் தங்கம் வெள்ளியெல்லாம் சொல்லிப் பாருங்க. அவனும் துப்புவான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வாரேன். அப்பல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. மெஸ் ஹால்ல ஒரு ஏஜெண்ட் வந்தான். நம்மாளுதான். நாப்பது டிகிரி வெயில்ல கழுத்துல டை கட்டியிருந்தான். கையில லேப்டாப்பு, பின்னாலயே ரெண்டு பெட்டி சமோசா. ஓய்வூதியத் திட்டம், அஞ்சு விதமான ஃபண்டு, எதுல வேணாலும் போட்டுக்கலாம்னு ஆரம்பிச்சான். யாருக்கும் மண்டையில ஏறல. கடைசியா ஒரு வார்த்தை சொன்னான்: "வரிவிலக்கு. போட்ட பணத்துக்கு இந்தியாவுல ஒரு பைசா வரி கிடையாது." அவ்வளவுதான், எல்லாப் பயலும் நிமிந்து உக்காந்துட்டான்.

அண்ணாச்சியை அவன் முன் பெஞ்சில உக்கார வெச்சிருந்தான். வார்த்தைக்கு வார்த்தை "சார்". இருபது வருசத்துல அவரை யாரும் சார்னு கூப்பிட்டதில்ல. பேனாவை நீட்டினதும் முதல் கையெழுத்து அவர்தான் போட்டார். போட்டுட்டுத் திரும்பி எங்களைப் பாத்தார். வேற யாராவது போடாம இருப்பானா? வரிசையா போட்டோம். பி.காம். படிச்ச நானும் போட்டேன். காறித் துப்புங்க, வாங்கிக்கிடுதேன். யாருக்கு எந்த ஃபண்டுன்னு அவனே எல்லார் பாரத்துலயும் ஒரே இடத்துல டிக் அடிச்சான். ஒருத்தரும் அது என்னன்னு கேக்கல. சமோசா ஆறிப் போயிரும்ல.

எங்க ரூம்ல கையெழுத்துப் போடாதவர் ஒரே ஒருத்தர்தான். செங்கோட்டைக்காரர், வெல்டர். அண்ணாச்சியைவிட அஞ்சாறு வயசு கம்மி, என்னைவிடப் பத்து வயசு மூப்பு. அன்னைக்கு அவருக்கு ஓவர்டைம் டூட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, பூட்ஸைக் கழட்டிக்கிட்டே கேட்டார்.

"என்னவே, எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"வரிவிலக்குத் திட்டத்துல சேந்துட்டோம், அஞ்சு வருசத்துக்கு"ன்னான் ஒருத்தன்.

அவருக்கு ஒரு நிமிசம் புரியல. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சார். கையில ஒரு பூட்ஸை வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார்.

"எலே, நமக்கு ஏதுல வரி? வரி இல்லன்னுதான துபாய்க்கே வந்தோம். ஊர்ல ஒரு பயலுக்கு வரி கட்டுற வருமானம் இருக்கா? இல்லாத வரிக்கு விலக்கு வாங்க உள்ள பணத்தை அஞ்சு வருசம் பூட்டி வெச்சுட்டு வந்திருக்கீங்களே, அறிவு கெட்ட மூதிகளா! எவம்ல மொதக் கையெழுத்துப் போட்டவன்?"

அண்ணாச்சி கட்டில்ல இருந்து எந்திரிச்சதை நான் பாத்தேன். செங்கோட்டைக்காரர் பாக்கல, இன்னொரு பூட்ஸுக்குக் குனிஞ்சிருந்தார். நிமிரும்போது விழுந்துச்சு. அது மத்த அடி மாதிரி சத்தமே இல்ல. உள்ளங்கை முழுசா, குழிஞ்சு, காது மேல. அவர் இரும்புக் கட்டில்ல மோதி உக்காந்தார். முழிச்சார். கை தன்னால இடது காதுக்குப் போச்சு. விரல் இடுக்குல மெல்லிசா ரத்தம் வந்துச்சு.

அண்ணாச்சி மறுபடியும் கையை ஓங்கினார். நாங்க நாலு பேர் பிடிச்சோம். எங்களையும் உதறினார். "எவன்னா கேக்க? நாந்தாம்ல போட்டேன். நான்தான்!"னு கத்தினார். அதுக்குப் பெறகு போய்க் கையைக் கழுவிட்டு, தட்டை எடுத்துக்கிட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டார்.

மறுநாள் கிளினிக்ல டாக்டரம்மா எழுதினது, இடது காது சவ்வு கிழிஞ்சிருக்குன்னு. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. கூட நான்தான் போயிருந்தேன். நடந்ததைச் சொல்லிரலாம்னு நான் வாயைத் திறந்தேன். இங்க கைநீட்டினா போலீஸ் கேஸ்தான். ஒரு வார்த்தை போதும், அண்ணாச்சி விசா கேன்சல், நேரா ஏர்போர்ட். செங்கோட்டைக்காரர் சொன்னார், "சாரக் கம்பி இடிச்சிட்டு மேடம்."

வெளிய வந்ததும் நான் கத்தினேன். "ஏண்ணே, ஒங்களுக்குப் பைத்தியமா?"

"கேஸுன்னு போனா எனக்கும்தாம்ல பாஸ்போர்ட் முடங்கும். மாசக்கணக்குல டூட்டி கிடையாது. புள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் நீயா கட்டுவ?"

பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. ஃபீஸுக்காகத்தான் பேசாம இருந்தார். அந்தக் காது பெறகு சரியாகவே இல்ல. சீழ் வெச்சு, காஞ்சு, அப்படியே செத்துப் போச்சு. ராத்திரியில வலது காதைத் தலையணைக்கு அடியில கொடுத்துப் படுப்பார். குறட்டைச் சத்தம் கேக்காம இருக்க அது ஒரு வசதின்னு சொல்லுவார். அதை என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார்.

மூணு மாசம் கழிச்சு அந்தத் திட்டத்துல இருந்து எல்லாருக்கும் கடுதாசி வந்துச்சு. அண்ணாச்சி அவரோடதை என்கிட்ட நீட்டினார். வாசிச்சேன். கட்டின பணத்துல பாதிக்கு மேல சேர்ப்புச் செலவு, நிர்வாகச் செலவுன்னு போயிருந்துச்சு. மிச்சம் இருந்ததுதான் ஃபண்டுக்கே போயிருக்கு, அதுவும் இருக்கிறதுலயே செலவு ஜாஸ்தி பிடிக்கிற ஃபண்டு. அதைச் சொல்லி முடிக்கலை, விட்டார் ஒண்ணு. இதுதான் அந்த அநியாயமான அடி. கடுதாசி எழுதினவன் மும்பையிலயோ எங்கயோ இருந்தான். வாசிச்சவன் பக்கத்துல இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏஜெண்ட் பக்கத்து பிளாக்குக்கு வந்திருக்கான்னு தெரிஞ்சதும் அண்ணாச்சி கிளம்பிட்டார். நாங்க ஓடிப் போறதுக்குள்ள அவனை டையைப் பிடிச்சு மெஸ் ஹால் தரையில இழுத்துக்கிட்டு இருந்தார். அவன் முகம் நீலம் பாரிச்சிருச்சு. சமோசாவெல்லாம் காலுல மிதிபட்டுக் கூழாயிருச்சு. நெஞ்சு மேல முழங்காலை வெச்சு, அந்தத் திட்டத்தோட நோட்டீஸை மடிச்சு அவன் வாயில திணிச்சார். நோட்டீஸ்ல நரைச்ச தலையோட ஒரு புருசன் பொஞ்சாதி கடற்கரையில சிரிச்சிக்கிட்டு நிப்பாங்க. அந்த ரெண்டு பேரையும் தின்ன வெச்சார். "தின்னுல. முழுங்கு. வரி கிடையாதுல்லா, முழுங்கு." அவனுக்கு ரெண்டு பல்லு போச்சு. செக்யூரிட்டி மூணு பேர் சேந்து பிரிக்க வேண்டியதாப் போச்சு.

அவன் கம்ப்ளெயிண்ட் குடுக்கல. அனுமதி இல்லாம கேம்ப்ல யாவாரம் பண்ணினவன் எந்த மூஞ்சியோட போலீஸுக்குப் போவான்? கேம்ப்புக்குப் பொறுப்பான பாஸ் மட்டும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை மாட்டினா ஊருக்கு டிக்கெட்தான்னு சொல்லி அனுப்பினார். ரூமுக்கு வந்தவர் செங்கோட்டைக்காரர் கட்டிலைத் தாண்டித்தான் தன் கட்டிலுக்குப் போகணும். போனார். நின்னு ஒரு வார்த்தை, "நீ சொன்னது சரிதாம்ப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

ஆனா மனுசனுக்குள்ள எதுவோ புகுந்துருச்சு. ஒரு வாரம் கழிச்சு என் கட்டில்ல வந்து உக்காந்தார். கட்டில் ஒரு பக்கம் சாஞ்சுச்சு.

"ஏல, அரசாங்கத்துலயே ஒரு பென்ஷன் கணக்கு இருக்காம்லா. அறுபது வரைக்கும் எவனும் தொட முடியாதாம். நெசமா?"

"ஆமா அண்ணாச்சி. வெளிநாட்டுல இருக்கிறவங்களும் சேரலாம். செலவும் கம்மி."

"எடுக்க முடியாதுல்லா? நானே போய் அடிச்சுக் கேட்டாலும் தர மாட்டான்லா?"

"அவசரத்துக்குக் கொஞ்சம் தருவான். மிச்சத்தைத் தர மாட்டான்."

"அப்ப அதாம்ல எனக்குச் சரி. எங்கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா நானே ஒடைச்சு எடுத்துருவேன்."

தன்னைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சிருந்த ஒரே விசயம் அதுதான்னு நினைக்கேன். ஊர்ல செம்மண் காடு ரெண்டு ஏக்கர் கிடந்துச்சு. அறுபதுல போய் முருங்கை போடணும். அதுக்கு ஒரு போர், ஒரு மோட்டார். தண்ணி இல்லாட்டி அந்தக் காட்டுல முள்ளுதான் முளைக்கும். இதுக்குத்தான் பணம். அப்ப அவருக்கு நாப்பத்தொம்பது வயசு. இன்னும் பதினோரு வருசம்.

மாசம் பத்தாயிரம். "நீயும் எங்கூடச் சேருல. நீ போடாததுல என்னைய போடச் சொல்லாத"ன்னார். ஏஜெண்ட்கிட்ட படிச்ச பாடம். சரின்னு ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே தொகையில ஆரம்பிச்சேன். அந்தக் கணக்குலயும் வரிச்சலுகை உண்டு. அதைப் பத்தி நான் வாயைத் திறக்கல. வரிங்கிற பேச்சு செங்கோட்டைக்காரர் காதோட எங்க ரூமை விட்டுப் போயிருச்சு.

பணத்தை எதுல போடணும்னு கேக்குற இடம் வந்துச்சு. ஷேர், கம்பெனிக் கடன் பத்திரம், அரசாங்கக் கடன் பத்திரம். எதுல எத்தனை பங்குன்னு நம்மளே சொல்லணும். ஷேர் ஏறும், இறங்கும், ஆனா பத்துப் பதினோரு வருசம் விட்டு வெச்சா கூடுதலாத் தர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. அரசாங்கப் பத்திரம் மெதுவா ஊர்ந்து போகும், பெரிசா ஆட்டம் காட்டாது. வயசுக்குத் தக்கன கொஞ்சம் கொஞ்சமா ரெண்டுலயும் போடுறதுதான் முறை. எனக்குத் தெரியும். வாசிச்சிருந்தேன். அவர்ட்ட விளக்கத்தான் போனேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு. படிச்சவன் நீ பாத்துப் போடு. கூடுறத நீ பாத்துக்க"ன்னார். அப்புறம் உள்ளங்கையை விரிச்சு என் மூஞ்சிக்கு நேரா காட்டினார். "குறைஞ்சா நான் பாத்துக்கிடுதேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல. அந்தக் கைக்குப் பின்னால, ரெண்டு கட்டில் தள்ளி, செங்கோட்டைக்காரர் காதுல பஞ்சோட படுத்திருந்தார்.

நான் என்ன பண்ணினேன்னா, என் பணத்துல முக்காப் பங்கை ஷேர்ல போட்டேன். அவர் பணம் மொத்தத்தையும் அரசாங்கப் பத்திரத்துல போட்டேன். கேட்டதுக்கு, "ரெண்டு பேருக்கும் நல்ல இடத்துலதான் போட்டிருக்கேன்"னேன்.

மாத்தியிருக்கலாம். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை மாத்திக்கிட வசதி இருந்துச்சு. ஒவ்வொரு வருசமும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். அந்த வாரம் பாத்து யாராவது ஒருத்தன் அவர்ட்ட அடி வாங்கியிருப்பான். மூடிருவேன்.

கொரோனா வருசம் கேம்ப்பைப் பூட்டிப் போட்டாங்க. சாப்பாடு பொட்டலத்துல வரும். வெளிய கால் வைக்க முடியாது. அடைச்சு வெச்ச ரூம்ல அவர் கையோட பன்னெண்டு பேரு, நினைச்சுப் பாருங்க. ஷேரெல்லாம் சரிஞ்சுது. எனக்குக் கால் பங்குக்கு மேல போயிருச்சு. டிவியில கேட்டுட்டு என்கிட்ட வந்தார்.

"நம்ம பணம்?"

அவர் கணக்கைத் திறந்து காட்டினேன். ஒரு ரூவா குறையல, கூடத்தான் செஞ்சிருந்துச்சு. என் தோள்ல கையைப் போட்டு எல்லார் முன்னாலயும் சொன்னார், "பாத்தியளால? இவந்தாம்ல அறிவாளி." அந்தக் கை அடிக்காம என் மேல கிடந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. ரெண்டு வருசத்துல ஷேரெல்லாம் திரும்பி ஏறி எங்கயோ போச்சு. அப்ப அவர் கேக்கல, நானும் சொல்லல.

போன வருசம் அவருக்கு அறுபது முடிஞ்சுது. கணக்கை முடிக்கிறதுக்குப் பாரம் எடுக்கணும்னு பர் துபாய்ல ஒரு டைப்பிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்கும் ஊர்ல வீட்டு லோனுக்கு என் கணக்குத் தாள் வேண்டியிருந்துச்சு. ரெண்டையும் பிரிண்ட் போட்டு, அந்த மலையாளிப் பையன் ஒரே கவர்ல வெச்சு அவர் கையில குடுத்துட்டான். நான் காசு எண்ணிக்கிட்டு இருந்தேன்.

வெளிய வந்து பாத்தா, நடைபாதையில நின்னு ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சிருந்தார். இங்கிலீஷ் தெரியாதே ஒழிய எண்ணு தெரியும்.

"மாசம் ஒரே துட்டு. ஒரே நாள்ல ஆரம்பிச்சோம். இது ஏம்ல இவ்வளவு, இது ஏம்ல அவ்வளவு?"

மூணரை லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். பதினோரு வருசமா எந்த அடிக்குப் பயந்தேனோ அது வந்துருச்சுன்னு நினைச்சேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கே சலிச்சுப் போச்சு.

"என் பணம் ஷேர்ல கிடந்துச்சு அண்ணாச்சி. ஒங்க பணத்தை முழுசா அரசாங்கப் பத்திரத்துல போட்டேன்."

"ஏன்?"

"குறைஞ்சா நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்கள்லா."

"ஒன்னைய நான் ரெண்டே தடவைதானல அடிச்சிருக்கேன்."

"செங்கோட்டையாரை ஒரே தடவைதான் அடிச்சீங்க"ன்னேன்.

எப்படிச் சொன்னேனோ தெரியல. அவர் கை எந்திரிச்சுச்சு. நான் கண்ணை மூடல, இந்தத் தடவை பாத்துக்கிட்டே நின்னேன். அந்தக் கை என்னைத் தாண்டிப் போய்த் தெருவிளக்குக் கம்பத்துல இறங்குச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. எலும்பு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. முட்டித் தோல் பிஞ்சு தொங்குச்சு. போற வாற ஆளெல்லாம் நின்னு பாத்தாங்க. கையில இருந்த தாளை எடுத்துக் கையைச் சுத்திக்கிட்டார். சுத்தினது என் கணக்குத் தாளை.

பஸ்ஸுல பாதி தூரம் வந்ததும் சொன்னார், "மூணரை லட்சம்னா போரும் போட்டு மோட்டாரும் எறக்கியிருக்கலாம்ல." கோவத்தோட சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அடிச்ச கைக்கா, ஒடைஞ்ச கைக்கா, எதுக்கு அழுறேன்னு எனக்கே தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமை பகல்ல அவருக்கு ஃபிளைட். ரூம்ல எல்லாரும் கைகுடுத்துட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வேனுக்குப் போயிட்டாங்க. செங்கோட்டைக்காரர் கட்டில்ல உக்காந்து சாம்பாருக்குப் பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தார். அவருக்கு முன்னால அண்ணாச்சி வந்து நின்னார். வலது கையில பெரிய கட்டு. போகப் போனவர் நின்னு, குனிஞ்சு, அவர் இடது தோள் பக்கம் வாயைக் கொண்டு போய் மெதுவாச் சொன்னார். அந்த மனுசன் மெதுவாப் பேசி நான் கேட்டதே அன்னைக்குத்தான்.

"நீ அன்னைக்குச் சொன்னதுதாம்ல நெசம். நமக்கு ஏது வரி. நான் ஒன்னைய அடிச்சிருக்கப்படாது."

சொல்லிட்டு நிமிந்து, திரும்பிப் பாக்காம வெளிய போயிட்டார். செங்கோட்டைக்காரர் கையில பாதி உரிச்ச பூண்டோட என்னைப் பாத்தார்.

"என்னவாம்? போயிட்டு வாரேன்னாரா?"

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! பத்து வருசத்துக்கு மேல ஒரே ரூம்ல படுத்து எந்திரிச்சவரு, அடிச்சது எந்தக் காதுன்னுகூடத் தெரியாம இருந்திருக்காரு. ஓடினேன். வேன் கதவு பாதி மூடியிருந்துச்சு. அதைப் பிடிச்சு இழுத்தேன்.

"அண்ணாச்சி, அது செத்த காது. நீங்க அடிச்சது அந்தக் காதுதான். நீங்க சொன்னது ஒண்ணும் அவருக்குக் கேக்கல."

அவர் முழிச்சார். கையை ஓங்கல, சும்மா முழிச்சார். அப்புறம் அந்தக் கட்டுப் போட்ட கை தன்னால அவர் கன்னத்துக்குப் போச்சு. டிரைவர், ஒரு பாகிஸ்தான் பட்டாணி, "யல்லா, யல்லா, ஏர்போர்ட் லேட்"னு கத்தி வண்டியை எடுத்துட்டான். அவரை நான் அடிச்ச ஒரே அடி அதுதான். பலமாத்தான் அடிச்சேன்.

ரூமுக்கு வந்து செங்கோட்டைக்காரருக்கு வலது பக்கமா உக்காந்தேன். அண்ணாச்சி சொன்னதை ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன்.

பூண்டைக் கீழ வெச்சார். "அத இந்தப் பக்கம் வந்து சொல்லப்படாதா?"

"அவருக்குத் தெரியாதுண்ணே. எந்தக் காதுன்னு தெரியாது."

"தெரியாதா?" சிரிக்கப் போனார், வாய் கோணிக்கிச்சு. அந்தப் பக்கம் காலியாக் கிடந்த அண்ணாச்சி கட்டிலைப் பாத்தார். "ரெண்டு கட்டில் தள்ளித்தானல படுத்திருந்தேன்."